திருகாணி அண்ணன்

"உங்ககிட்ட எல்லாம் இருக்கு மேடம். டெப்த்துதான் கொஞ்சம் பத்தல" என்று சொல்லி, அவளுடைய விண்ணப்பத்தை இரண்டாவது தடவையாகத் திருப்பிக் கொடுத்தார் மேனேஜர். யாரைப் பற்றிப் பேச்செடுத்தாலும் டெப்த் இருக்கிறதா இல்லையா என்று முழம் போட்டுப் பார்க்கிற மனிதர் என்பதால், முதுகுக்குப் பின்னால் ஆபீசே அவரை டெப்த் சார் என்றுதான் சொல்லும். அவர் பதவி உயர்ந்து மேல்மாடிக்குப் போகிறார். அவர் உட்கார்ந்திருந்த டீம் ஹெட் நாற்காலி காலியாகிறது. அந்த நாற்காலிக்குத்தான் அவள் விண்ணப்பித்திருந்தாள்.

இணையத்தில் பஸ் டிக்கெட் விற்கிற கம்பெனி அது. பத்து வருடத்துக்கு முன்னால் நாலு மேஜையோடு தொடங்கியபோது நாலாவது மேஜை அவளுடையது. டெப்த் சார் வந்து சேர்ந்ததே அதற்கு மூன்று வருடம் கழித்துத்தான். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது, எதைத் தொட்டால் எது உடையும் என்று வந்த புதிதில் அவருக்குக் காட்டிக் கொடுத்தவளே அவள்தான். போன தடவை வேறொரு டீமில் இதே மாதிரி ஒரு நாற்காலி காலியானது. அதில் அவளிடம் வேலை கற்றுக்கொண்ட ஒருவனைக் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். அன்றைக்கும் இதே டெப்த்தைத்தான் சொன்னார்கள்.

"டெப்த்னா எது சார்? எதுல குறையுதுன்னு சொன்னா நான் சரி பண்ணிக்கிறேன்" என்று கேட்டாள்.

"அது சொல்லிப் புரியறதில்லம்மா. ஆளைப் பார்த்தாலே தெரியும்."

ஆளைப் பார்த்தாராம், தெரிந்துவிட்டதாம். பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாள். வெளியே ஒருவனுக்குப் பிறந்தநாள். மேஜையில் கேக்கும் கத்தியும் அவளுக்காகக் காத்திருந்தன. முப்பது பேர் வேலை பார்க்கும் மாடியில் பெண்கள் மூன்றே பேர். ஆனால் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் கேக் வெட்டிப் பங்கு வைப்பது அவள் தலையில்தான் விழும். "மேடம் வெட்டினா ஒரே அளவா இருக்கும்" என்பார்கள். முப்பது துண்டு பிசகாமல் போடுவாள். அந்தத் திறமைக்கு மட்டும் அங்கே ஒருவரும் டெப்த் பார்த்ததில்லை.

அன்றைக்கும் வெட்டினாள். வெட்டிவிட்டுத் தன் துண்டைத் தொடாமல் வந்து மேஜையில் உட்கார்ந்து மன்றத்தைத் திறந்தாள்.

மன்றம் என்பது கணினி வேலை பார்ப்பவர்கள் தமிழில் சந்தேகம் கேட்கிற ஓர் இணையதளம். முட்டிக்கொண்டு நிற்பவர் கேள்வியைப் போடுவார், தெரிந்தவர்கள் பதில் எழுதுவார்கள். எந்தப் பதில் வேலை செய்ததோ அதன் பக்கத்தில் கேட்டவர் ஒரு பச்சை டிக் போடுவார். அந்த டிக்தான் அங்கே மரியாதை. நாலாயிரத்துச் சொச்சம் டிக் வாங்கி அந்த மன்றத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த ஆளின் பெயர் திருகாணி. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள்கூட "திருகாணி அண்ணன் என்ன சொல்லியிருக்கார்னு பாரு" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

திருகாணி அவள்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அவள் முதலில் தன் சொந்தப் பெயரில்தான் அங்கே போனாள். இரண்டு வாரத்தில் ஐந்து பதில் எழுதினாள். ஒரு டிக் கிடைத்தது. பத்தொன்பது பேர் தனியாக "ஹாய்" அனுப்பினார்கள். ஒருவர் "இது நீங்களே எழுதினதா?" என்று கேட்டார். இன்னொருவர் கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டார். காறித் துப்பாத குறையாக அந்தக் கணக்கை மூடினாள். மறுபடி புதிதாகப் பதிவு செய்ய உட்கார்ந்தபோது, மகளின் தோட்டுத் திருகாணி கழன்று கட்டிலுக்கு அடியில் உருண்டுவிட்டது. அரைமணி நேரம் தரையைத் தடவிக் கண்டுபிடித்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். புனைபெயர் என்ன என்று திரை கேட்டது. கையில் இருந்ததையே தட்டிவிட்டாள்.

படித்தவர்களுக்கு அது இயந்திரத்தில் முடுக்குகிற திருகாணியாகத் தெரிந்தது. தமிழில் "நான் பார்த்தேன், நான் செய்தேன்" என்று எழுதினால் எழுதுவது ஆணா பெண்ணா என்று வினைச்சொல் காட்டிக்கொடுக்காது. அவள் ஒரு நாளும் தன்னை ஆண் என்று சொன்னதில்லை. முதல் வாரமே யாரோ "நன்றி அண்ணே" என்று போட்டார்கள். அதோடு அண்ணன் ஆகிவிட்டாள். ஒரு ஹாய்கூட வரவில்லை. ஒருவரும் "நீங்களே எழுதினதா" என்று கேட்கவில்லை. அதே மூளை, அதே விரல்கள்தான்.

இதில் உச்சக்கட்ட வேடிக்கை போன வருடம் நடந்தது. அவர்கள் தளத்தில் ஒரே சீட்டை இரண்டு பேர் ஒரே நொடியில் தொட்டால் இரண்டு பேருக்கும் டிக்கெட் போய்விடும். பஸ்ஸில் ஏறிய பிறகு ஒரு சீட்டுக்கு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். கண்டக்டர் கம்பெனியைத் திட்டுவார். "ஒருத்தர் தொட்டதும் சீட்டைப் பூட்டிடணும் சார். அஞ்சு நிமிஷத்துல அவர் முடிக்கலைன்னா பூட்டு தானா திறந்துக்கணும்" என்று கூட்டத்தில் அவள் சொன்னாள். "சைட் ஸ்லோ ஆயிடும்மா. இதுக்கெல்லாம் கொஞ்சம் டெப்த்தா யோசிக்கணும்" என்று டெப்த் சார் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டார். மறுநாள் அதே கேள்வியை மன்றத்தில் போட்டார். திருகாணி பதில் எழுதியது. கூட்டத்தில் சொன்ன அதே பதில், கூடுதலாக ஒரு கமா இருந்திருக்கலாம். டெப்த் சார் பச்சை டிக் போட்டு, "அண்ணே, நீங்க தெய்வம்" என்று கீழே எழுதினார். அன்று மத்தியானமே அவளைக் கூப்பிட்டு அந்தப் பதிலை அச்சடித்துக் கையில் கொடுத்தார். "இதைப் படிச்சுப் பாருங்க. இப்படி யோசிக்கக் கத்துக்கணும்" என்றார்.

அவள் எழுதியதையே அவளிடம் கொடுத்து அவளையே கற்றுக்கொள்ளச் சொன்னால் வயிறு எரியுமா எரியாதா? இருந்தும் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள் என்பது ஒன்று. நம்பிவிட்டால் மன்றமும் ஆபீஸ் மாதிரி ஆகிவிடும் என்பது இன்னொன்று. அவள் பேச்சைக் காது கொடுத்துக் கேட்கிற இடம் உலகத்தில் அது ஒன்றுதான் இருந்தது.

கேக் வெட்டிய அன்று மன்றத்தைத் திறந்தவளுக்குத் தனிச் செய்தி ஒன்று காத்திருந்தது. அனுப்பியவர் டெப்த் சார். "அண்ணே, வணக்கம். எங்க கம்பெனில டீம் ஹெட் போஸ்ட் காலியா இருக்கு. உள்ளுக்குள்ள டெப்த் உள்ள ஆள் இல்ல. நீங்க வர்றதா இருந்தா எங்க பாக்கியம்."

அவள் அதை மூன்று தடவை படித்தாள். தலையைத் தூக்கிக் கண்ணாடி அறையைப் பார்த்தாள். எல்லோரும் மீன்தொட்டி என்று சொல்கிற அந்த அறைக்குள் டெப்த் சார் கேக்கைத் தின்றுகொண்டே பதில் வருகிறதா என்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி நேரத்துக்கு முன்னால் அவளை எந்த நாற்காலிக்கு லாயக்கில்லை என்றாரோ, அதே நாற்காலியைக் கையில் ஏந்திக்கொண்டு அவளையே கெஞ்சுகிறார்.

வீட்டில் புருஷனிடம் சொன்னாள். கணக்கு வாத்தியார் அவர். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "திருகாணி அண்ணே, டீயா காபியா?" என்று எழுந்தார்.

"சிரிக்காதீங்க. எனக்கு பத்திக்கிட்டு வருது."

"சரி, சிரிக்கல. என்ன பண்ணப் போற?"

"பரீட்சை எழுதப் போறேன். உங்க பசங்க தாள்ல பேருக்குப் பதிலா நம்பர் போடறாங்கல்ல? அந்த மாதிரி. மூஞ்சியைப் பார்க்காம விடையைப் பார்க்கட்டும். பாஸ் பண்ணிட்டுப் பேரைச் சொல்றேன்."

அவர் அடுப்பில் டீக்குத் தண்ணீர் வைத்தார். "பாஸ் பண்ணிடுவே. அதுல சந்தேகமே இல்ல. ஆனா பேரைப் பார்த்ததும் மார்க்கைக் குறைக்கிற வாத்தியார்களும் இருக்காங்கம்மா" என்றார். அதை அவள் அன்றைக்குக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எழுத்து மூலமாக மட்டும் நேர்காணல், கேமரா இல்லை, குரல் இல்லை என்று திருகாணி நிபந்தனை போட்டது. டெப்த் சார் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். "பெரிய ஆளுங்க அப்படித்தான் இருப்பாங்க" என்று மாடி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். மகளுக்குக் காய்ச்சல் என்று அவள் வீட்டிலிருந்து வேலை பார்த்த அன்று, "கேமராவைப் போடும்மா, இருக்கியா இல்லையான்னு எங்களுக்குத் தெரியணும்ல" என்று இருபது பேர் முன்னால் சொன்னவரும் இவர்தான்.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு நேர்காணல். இரண்டே முக்காலுக்கு டெப்த் சார் அவள் மேஜைக்கு வந்து நின்றார்.

"மேடம், நீங்களும் உள்ள வந்து உட்காருங்க. குறிப்பு எடுக்க ஒரு ஆள் வேணும். உங்களுக்கும் கத்துக்க ஒரு நல்ல சான்ஸ்."

அவள் மனதுக்குள் என்னென்னவோ தந்திரம் போட்டு வைத்திருந்தாள். தலைவலி என்று கீழே போகலாம், கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து தட்டலாம் என்றெல்லாம் யோசித்திருந்தாள். ஒன்றும் தேவைப்படவில்லை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மீன்தொட்டிக்குள் போய் மேஜையின் கடைசியில் உட்கார்ந்தாள். கம்பெனியைத் தொடங்கிய ஃபவுண்டரும் வந்து சேர்ந்தார். அவளைவிட எட்டு வயது சின்னவர், செருப்புக் காலை எதிர் நாற்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். டெப்த் சாரின் திரை சுவரில் பெரிதாகத் தெரிந்தது.

முதல் கேள்வியை டெப்த் சார் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டினார். "பண்டிகைக்கு முந்தின நாள் ஒரே நேரத்துல ஒரு லட்சம் பேர் உள்ள வந்தா என்ன செய்வீங்க?"

அவள் விரல்கள் ஓடின. சுவரில் வரிகள் வந்து விழுந்தன. "கதவைப் பெரிதாக்கிப் பயனில்லை, எவ்வளவு பெரிதாக்கினாலும் நிரம்பிவிடும். வாசலிலேயே வரிசையில் நிற்க வைக்க வேண்டும். உங்களுக்கு முன்னால் இத்தனை பேர் என்று காட்டினால் மனிதர்கள் பொறுமையாக நிற்பார்கள். எதுவும் சொல்லாமல் காக்க வைத்தால்தான் பொத்தானைப் பத்துத் தடவை அமுக்குவார்கள்."

"பார்த்தீங்களா சார்?" டெப்த் சார் ஃபவுண்டர் பக்கம் திரும்பினார். "மனுஷ சுபாவத்தையே சேர்த்து யோசிக்கிறாரு. மேடம், வரி விடாம எழுதறீங்களா?"

"ஒரு எழுத்து விடல சார்" என்றாள்.

இரண்டாவது கேள்வி ஃபவுண்டருடையது. "டீம்ல ஒரு ஜூனியர் கைதவறி ஒருநாள் டிக்கெட்டை எல்லாம் அழிச்சுட்டா என்ன பண்ணுவார்னு கேளுங்க" என்றார். கேட்டுவிட்டு, "மேடம், அப்படியே டீ சொல்லிடுங்களேன்" என்று அவளைப் பார்த்தார்.

அவள் எழுந்து வெளியே போனாள். டீ சொல்ல வேண்டிய இடம் வராந்தாக் கோடியில் இருந்தது. அங்கே ஆள் இல்லை. காத்திருந்து, மூன்று டீ, ஒன்றில் சர்க்கரை இல்லாமல் என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அது வரைக்கும் சுவரில் திருகாணி மௌனமாக இருந்தது.

"யோசிக்கிறாரு" என்று டெப்த் சார் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார். "டக்குனு பதில் சொன்னா அவன் மேலோட்டமான ஆளு. இதான் சார் டெப்த்."

அவள் உட்கார்ந்து தட்டினாள். "முதலில் அழிந்ததை மீட்பேன். அப்புறம், ஒரு கைதவறலில் ஒருநாள் டிக்கெட் மொத்தமும் அழிகிற மாதிரி அந்தப் பொத்தானை வைத்தது யார் என்று விசாரிப்பேன். ஜூனியரைத் திட்ட மாட்டேன்."

ஃபவுண்டர் சிரித்தார். டெப்த் சார் சிரிப்பில் பாதிதான் கலந்துகொண்டார். அந்தப் பொத்தானை வைத்தவர் அவர். போன மாதம் ஒரு பெண் அதைத் தவறி அமுக்கிவிட்டாள் என்று மாடியே கேட்கக் கத்தியவரும் அவர்.

நாற்பது நிமிஷத்தில் பதினோரு கேள்வி. பதினொன்றுக்கும் பதில் வந்தது. ஒன்பதாவது கேள்வியிலேயே ஃபவுண்டர் நாற்காலியிலிருந்து காலை இறக்கி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பதினோராவது பதிலைப் படித்துவிட்டு, "இந்தாளை வெளிய விட்டா வேற எவனாவது கொத்திட்டுப் போயிடுவான்" என்று டெப்த் சாரின் கணினியைத் தன் பக்கம் இழுத்துத் தானே தட்டினார்.

"வாழ்த்துகள். நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள். டீம் ஹெட் பதவி உங்களுக்குத்தான். ஆஃபர் லெட்டரில் போட உங்கள் முழுப்பெயர் வேண்டும்."

பத்து வருடத்தில் அந்தக் கம்பெனி அவளைப் பார்த்து இப்படி ஒரு வாக்கியம் எழுதியதில்லை. அழுகை வரும்போல இருந்தது, அதை அடக்கிக்கொண்டாள். இனிஷியலோடு தன் பெயரைத் தட்டி அனுப்பினாள்.

சுவரில் அது முழ நீளத்துக்குப் பெரிதாகத் தெரிந்தது.

டெப்த் சார் கண்ணைச் சுருக்கிப் படித்தார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "மேடம், தப்பான விண்டோல டைப் பண்றீங்க. உங்க குறிப்பு இங்க வருது பாருங்க" என்றார்.

"சரியான விண்டோதான் சார்."

"இல்லம்மா, உங்க பேரு வந்திருக்கு."

"என் பேரைத்தானே கேட்டீங்க?"

டெப்த் சாருக்கு அப்போதும் விளங்கவில்லை. அவள் மடிக்கணினியைத் திருப்பி மேஜையில் தள்ளினாள். பதினோரு பதிலும் அதில் வரிசையாக இருந்தன. மேலே திருகாணி என்று இருந்தது. டெப்த் சார் முகத்தில் ஈயாடவில்லை. ஃபவுண்டர்தான் முதலில் பேசினார்.

"உங்க ஹஸ்பண்ட் இந்த ஃபீல்டா மேடம்?"

கேட்டீர்களா கேள்வியை! அவர் கண்ணெதிரே உட்கார்ந்து தட்டியிருக்கிறாள். நடுவில் டீயும் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அப்போதும் வீட்டில் ஓர் ஆண் இருந்துதான் ஆக வேண்டும்.

"அவர் கணக்கு வாத்தியார் சார். வாட்ஸ்அப்பை அப்டேட் பண்ணவே என்னைத்தான் கூப்பிடுவார்."

"இது ஏமாத்து வேலைம்மா" என்று டெப்த் சார் எழுந்தே விட்டார். "ஒன்பது வருஷமா ஆம்பளை வேஷம் போட்டுக்கிட்டு..."

"என்னைக்காவது ஆம்பளைன்னு ஒரு வார்த்தை எழுதினேனா? தேடிப் பாருங்க. அண்ணேன்னு கூப்பிட்டது நீங்க. நான் பதில் எழுதினேன், அவ்வளவுதான். இப்ப டெப்த் இருக்கா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

டெப்த் சார் திரும்பி ஃபவுண்டரைப் பார்த்தார். ஃபவுண்டர் இரண்டு கையையும் விரித்து, இனி சமாதானம் என்பது போலச் சிரித்தார். "விடுங்க. ஒருவிதத்துல நல்லதுதான். திருகாணியை வெளிய இருந்து எடுக்கணும்னு அலைஞ்சோம். பார்த்தா நீங்கதான் ஏற்கனவே இங்கயே இருக்கீங்களே. அப்ப புதுசா எடுக்கவே வேண்டாம் பாருங்க."

"நாற்காலி சார்?"

"சொல்றேன். இங்க பாருங்க மேடம், பசங்க ஒரு மாதிரி. திருகாணி அண்ணன் சொன்னாருன்னா கேள்வி கேட்காம செய்வாங்க. நீங்க போய் நின்னா..." அவர் முடிக்கவில்லை. "ஒண்ணு பண்ணலாம். நீங்க திருகாணியாவே இருங்க. அண்ணன் நம்ம கம்பெனில சேர்ந்துட்டாரு, வீட்ல இருந்து வேலை பார்க்கறாருன்னு சொல்லிடுவோம். டீம் ஹெட் சம்பளம் உங்களுக்கு வந்துரும். வெளிய மட்டும் தெரிய வேணாம். நமக்குள்ள இருக்கட்டும்."

"அப்ப அந்த நாற்காலில யார் உட்காருவாங்க?"

"யாரும் உட்கார வேணாம். அது காலியாவே இருந்துட்டுப் போகட்டும்."

அவள் அந்த மனிதரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே பெரிய உதவி செய்வதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். இல்லாத ஓர் அண்ணனுக்குக் கொடுக்க அவரிடம் நாற்காலி இருந்தது. எதிரே உட்கார்ந்திருக்கிற அவளுக்குக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை.

"நாற்காலி வேணும் சார். என் பேர்ல வேணும். நான் உட்காரணும்."

"திங்கக்கிழமை வரைக்கும் யோசிங்களேன்."

"ஒன்பது வருஷம் யோசிச்சாச்சு."

அந்த நேரம் பார்த்து டீ வந்தது. அவள் தன் டீயை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

மேஜையில் உட்கார்ந்ததும் மன்றத்தில் தன் பக்கத்தைத் திறந்தாள். ஆத்திரத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. நாலாயிரம் பதிலையும் ஒரே அமுக்கில் தூக்கிவிட்டால் எத்தனை கம்பெனி நாளைக்கு முழிக்கும் என்று நினைத்தபோது இனிக்கவும் செய்தது. ஆனால் அழித்தால் யாருக்கு நஷ்டம்? அவள் எழுதவே இல்லை என்று ஆகிவிடும். அதைத்தானே இவர்களும் சொல்கிறார்கள். புனைபெயர் என்ற கட்டத்துக்குப் போய் "திருகாணி" என்பதை அழித்துவிட்டுத் தன் பெயரை இனிஷியலோடு எழுதினாள். இந்தப் பெயர் உங்கள் பழைய பதில்கள் அனைத்திலும் மாறும், சம்மதமா என்று திரை கேட்டது. சம்மதம் என்று அமுக்கினாள்.

ஒரு நொடியில் நாலாயிரம் இடத்திலும் அவள் பெயர் ஏறியது. கீழே எழுதியிருந்தவர்கள் எழுதியது மட்டும் மாறவில்லை. ஒரு பெண் பெயருக்கு அடியில் வரிசை வரிசையாக "நன்றி அண்ணே", "அண்ணே கலக்கிட்டீங்க", "அண்ணே, நீங்க தெய்வம்" என்று நின்றன. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்து மேஜைக்காரன் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் மாடியில் பேசாதவர்கள் இல்லை.

வெள்ளிக்கிழமை பதினாறு ஹாய் வந்தது. நாலு பேர் மனதார வாழ்த்தினார்கள். மூன்று பெண்கள் தனியாக எழுதினார்கள், அவர்களும் அங்கே அண்ணன்களாகத்தான் இருக்கிறார்களாம். மற்றவர்கள் ஆளாளுக்குப் பஞ்சாயத்து வைத்தார்கள். ஆறு வருடமாக எல்லோரும் எடுத்துப் பயன்படுத்துகிற ஒரு பதிலுக்குக் கீழே ஒருவர், "இது சரிதானா? தெரிஞ்சவங்க யாராச்சும் ஒரு தடவை செக் பண்ணிச் சொல்லுங்களேன்" என்று கேட்டிருந்தார். அவருடைய கம்பெனி அந்தப் பதிலின் மேல்தான் ஆறு வருடமாக ஓடிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை சீட்டுப் பூட்டுப் பதிலில் இருந்த பச்சை டிக்கைக் காணோம். டிக் போட்டவர்தான் அதை எடுக்க முடியும். டெப்த் சார் லீவு நாளில் மெனக்கெட்டு உட்கார்ந்து எடுத்திருக்கிறார். அவர் கம்பெனித் தளத்தில் அன்றைக்கு விற்ற ஒவ்வொரு சீட்டையும் அந்தப் பூட்டுதான் பூட்டித் திறந்துகொண்டிருந்தது. "டிக்கை எடுத்தவர் பூட்டையும் எடுத்துவிட்டு வந்து பேசட்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலையில் கம்பெனிப் பக்கத்தில் டீம் ஹெட் வேலைக்கு மறுபடி விளம்பரம் வந்திருந்தது. தகுதிகளில் ஒரு மாற்றமும் இல்லை. அடியில் மட்டும் புதிதாக ஒரு வரி இருந்தது. "எழுத்து மூலமான நேர்காணல் கிடையாது. விண்ணப்பதாரர் நேரிலோ கேமரா முன்போ வர வேண்டும்."

புருஷன் சொன்ன வாத்தியார் இவர்கள்தான். விடைத்தாளில் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டாள் என்பதற்காக, இனிமேல் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் திருத்துவோம் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள்.

விளம்பரத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு நேராக மீன்தொட்டிக்குள் போனாள். கதவைத் தட்டவில்லை. டெப்த் சாரும் ஃபவுண்டரும் வந்திருந்த விண்ணப்பங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்கு வெளியே மாடியில் ஒவ்வொரு தலையாக நிமிர்ந்தது. அவள் மேஜையின் கடைசிக்குப் போகவில்லை. விண்ணப்பதாரருக்கென்று போட்டிருந்த நாற்காலியை இழுத்து, இரண்டு பேருக்கும் நேர் எதிரே உட்கார்ந்தாள்.

"மேடம், நாங்க இப்ப கொஞ்சம் பிசி" என்றார் டெப்த் சார்.

"விளம்பரத்தைப் பார்த்துத்தான் வந்திருக்கேன். நேர்ல வரச் சொல்லியிருக்கீங்க." அச்சடித்த தாளை மேஜையில் வைத்தாள். "வந்துட்டேன். மூஞ்சியை நல்லாப் பார்த்துக்குங்க. பார்த்துட்டுக் கேள்வியைக் கேளுங்க."

ஃபவுண்டர் டெப்த் சாரைப் பார்த்தார். டெப்த் சார் தன் கணினியைப் பார்த்தார், தாளைப் புரட்டினார், தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கேளுங்க சார்" என்றாள் அவள்.

கேட்பதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. இருந்த கேள்விகளை எல்லாம் வியாழக்கிழமையே கேட்டு முடித்திருந்தார்.